கோடைக்கால மரப் பராமரிப்பு: நாட்குறிப்பு

மார்ச் 28
மூன்று வயதுக் கன்றுகளுக்குப் பாத்தியை அகலப்படுத்தும் வேலை. போன ஆண்டு போட்ட பாத்தியைக் கிளைகள் தாண்டிவிட்டன. நீரை உறிஞ்சும் சல்லிவேர்கள் பெரும்பாலும் இலைக்குடையின் விளிம்பை ஒட்டியும் அதற்கு வெளியிலும், மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள் பரவியிருக்கும். தூரில் ஊற்றும் தண்ணீர் அவற்றைப் போய்ச் சேராது. தூர்ப்பட்டைதான் ஊறி அழுகும். அதனால் இரட்டை வரப்பு: தூரிலிருந்து இரண்டு சாண் தள்ளி உள்வரப்பு, குடை விளிம்பைத் தாண்டி வெளிவரப்பு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மட்டும். வரப்புக்கு மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பாத்திக்குள் கொத்தினால் சல்லிவேர் அறுபடும்.

ஏப்ரல் 4
மூடாக்கு. காய்ந்த சருகும் வைக்கோலும், நான்கு விரல் கனம். முதலில் நன்றாகத் தண்ணீர், பிறகுதான் சருகு. தூரைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். பச்சைப் புல்லைக் குவித்தால் சூடேறிப் புளிக்கும், உலர்த்திப் பரப்பலாம்.

ஏப்ரல் 15
மதியம் இலைகள் தொங்கின. குழாயைத் திறக்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு சாண் ஆழத்து மண் கையில் உருண்டை பிடித்தது, ஈரம் இருக்கிறது. உச்சிவெயிலில் இலை இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான். மாலையில் நிமிர்ந்துவிட்டன. விடியற்காலையிலும் தொங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம். மண் சதசதவென்று இருந்தும் தொங்கினால் வேர் அழுகலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மேலும் ஊற்றுவது மரத்தைக் கொன்றுவிடும்.

ஏப்ரல் 16
அளவு: தண்டின் குறுக்களவில் ஒரு செ.மீ.க்கு 12 லிட்டர். 4 செ.மீ. கன்றுக்கு 48 லிட்டர். சொட்டுநீர்க் குழாயில் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் நான்கு, மூன்று மணி நேரம். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் சீக்கிரம் வற்றும், களிமண்ணில் நிற்கும். எனவே அடுத்த தண்ணீரை நாள்கணக்கு வைத்து விடாமல் மண்ணைத் தொட்டுப் பார்த்தே விட வேண்டும். தினமும் ஒரு வாளி என்று பழக்கினால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டு நாள் விட்டுப்போனாலும் கன்று சுருண்டுவிடும்.

மே 3
மேற்குப் பார்த்த தண்டுகளுக்குச் சுண்ணாம்பு. வெயிலில் பட்டை வெடித்தால் துளைப்பான் புழு நுழைய வழியாகிவிடும். யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். கிளை கழிப்பதிலும் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். இலை நிழல்தான் தண்டுக்குக் காப்பு.

மே 19
ஒரு கன்றில் மட்டும் இலையோரம் கருகல். நான்கு சொட்டுவான்களில் இரண்டை உப்பு அடைத்திருந்தது. அடியில் பாத்திரம் வைத்து அளந்தால் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் சேர வேண்டும். குறைந்தால் கழற்றி வினிகரில் ஊறவைத்து, குழாயின் கடைமூடியைத் திறந்து கலங்கல் போகும்வரை தண்ணீரை ஓடவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும்.