ஐஸ் போயிட்டுதா?

ஏப்ரல் 16
இவர் பின்னேரமே ஸ்காபரோவுக்குத் திரும்பிவிட்டார். விறகு இருக்கிறது, பாண் இருக்கிறது, நேற்றைய பருப்பு இருக்கிறது. விட்னி குட்டி ஊர். போனில் சிக்னல் ஒரு கோடுதான், அதுவும் ஜன்னலோடு ஒட்டி நின்றால்.

ஏப்ரல் 17
டாக்டர் என்ன சொன்னவர் என்று தம்பியைக் கேட்டு அனுப்பினேன். பதில்: "ஒபியோங்கோ ஏரியில் ஐஸ் போயிட்டுதா?"
போகவில்லை.

ஏப்ரல் 19
ஸ்ப்ரூஸ் பொக் நடைபாதை, கிலோமீட்டர் 42.5. அல்கொன்குவின் பூங்காவுக்குள் எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஹைவே 60 மேற்கு வாசலில் இருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீட்டர். எந்த நடைபாதைக்கும் முகவரி அந்தத் தூரம். இது ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று, சதுப்புக்கு மேலால் பலகை. நடுவில் மிதிபட்டு இறுகின பனி. ஓரத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது.

கனடா ஜே இரண்டு வந்தன. 1960களில் இருந்து இங்கே இந்தக் குருவிகளின் காலில் நிற வளையம் போட்டு ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறார்கள். தம்பியின் கொப்பியில்: "எந்தக் கால், மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம். அவசரப்படாமல் பார்." பார்த்தேன். ஒன்றுக்கு வலது காலில் மேலே நீலம், கீழே மஞ்சள். மற்றது கால் காட்டவில்லை. வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு மரத்துக்குள் நுழைந்துவிட்டது. குஞ்சு பொரித்திருக்க வேண்டும். மார்ச் பனியில் முட்டையிடுகிற பறவை! இலையுதிர்காலத்தில் எச்சில் பூசி மரப்பட்டைக்குக் கீழே ஒட்டிவைத்த சாப்பாட்டை நம்பித்தான் இவ்வளவு துணிவும். அந்த மாதங்கள் வெப்பமானால் ஒளித்துவைத்தது பழுதாகிப்போகும். ஹைவேக் கரையில் ஜே பாதிக்கு மேல் குறைந்துபோனதற்கு ஆய்வுக்காரர் சொல்லும் காரணமும் அதுதான்.

தம்பி தேடுகிற ஸ்ப்ரூஸ் காட்டுக்கோழி இல்லை.

ஏப்ரல் 20
மச்சாள் எடுத்தா. மருந்து ஏற்றின பிறகு அவன் ஒன்றும் சாப்பிடவில்லையாம். பேந்து எடுக்கிறன் என்று வைத்தா.

ஏப்ரல் 21
எடுக்கவில்லை.

ஏப்ரல் 22
லுக்அவுட் நடைபாதை, கிலோமீட்டர் 39.7. இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் மூச்சை எடுக்கும். பறவைக்காக ஏறவில்லை. உச்சிப் பாறையில் மூன்று கோடு. எடுத்துப் பார்த்தேன், மணி அடித்து அடித்து நின்றது. கீழே காடு, நடுவில் வெள்ளை வெள்ளையாக ஏரிகள். அண்டங்காக்கை இரண்டு காற்றில் தலைகீழாகப் புரண்டு விளையாடின. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏப்ரல் 24
கண்டேன்! ஸ்ப்ரூஸ் பொக்கில், கார் விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. எட்டு அடி தூரம். கறுப்பு நெஞ்சு, கண்ணுக்கு மேலே சிவப்புச் சதை, வால் நுனியில் செம்மண் நிறக் கரை. ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளித் தின்றது. நான் தும்மினேன், அசையவில்லை. ஆளைக் கண்டு பயப்படத் தெரியாத சீவன். ஆங்கிலத்தில் இதை முட்டாள்கோழி என்கிற மாதிரித்தான் கூப்பிடுவார்களாம். தம்பி பத்து வருடமாகத் தேடினது. அவன் வரும்போதெல்லாம் இது எங்கே போய் நின்றது?

படம் அனுப்ப ஒரு மணித்தியாலம் எடுத்தது.
"சாவல்தான் அக்கா. சரியான வடிவு. ஐஸ்?"

ஏப்ரல் 26
மழை. மிஸ்ஸி லேக் போகச் சொல்கிறான். கிலோமீட்டர் 15.4, பதினொரு கிலோமீட்டர் சுற்று, ஒன்பது குளமும் ஏரியும், நாய் கொண்டுபோகக் கூடாது. வெஸ்ட் றோஸ் லேக் பக்கம் பழைய ரயில் பாதை வழியாக நடக்க வேண்டும், அங்கேதான் கறுப்பு முதுகு மரங்கொத்தி. பட்டை உரித்துச் சிவந்துபோய் நிற்கிற ஸ்ப்ரூஸைப் பார், அதுக்குக் கிட்ட நில் என்கிறான். எல்லாம் சரி. ஐந்து ஆறு மணித்தியாலம். நான் பார்த்த வரைபடத்தில் அந்தப் பக்கம் சிக்னல் என்று ஒன்று இல்லை. அந்த நேரம் பார்த்து மச்சாள் எடுத்தால்? இவர் எடுத்தால்? எடுத்துவிட்டு, அக்கா எடுக்கவில்லை என்று யாரும் ஒரு முடிவு எடுத்துவிட்டால்? மரங்கொத்தி பார்க்கப் போனவள் என்று சொல்வார்களோ? சொல்ல மாட்டார்கள். அப்படி நினைக்கிறதே விசர். ஆனால் போகவில்லை. சேறு என்று அவனுக்குச் சொன்னேன். சேறும்தான்.

ஏப்ரல் 29
ஒபியோங்கோ. பூங்காவிலேயே பெரிய ஏரி. வெள்ளை போய்ச் சாம்பல், சாம்பல் போய்க் கறுப்பு. உருகும் முன் ஐஸ் நெட்டுக்குத்தான நீள ஊசிகளாகப் பிரிகிறது. காற்று கரைக்குத் தள்ள அவை ஒன்றோடொன்று உரசி, வளையல் பெட்டியைச் சரித்துக் கொட்டினது போல ஒரு சத்தம். குனிந்து ஒரு துண்டை எடுத்தேன், கையிலேயே விரல் விரலாக உதிர்ந்தது.

ஏப்ரல் 30
ஹைவேக் கரையில் மூஸ் என்கிற பெரிய மான், மாரிக்குக் கொட்டின உப்பு கலந்த தண்ணியைக் குடித்துக்கொண்டு நின்றது. முழங்கால் மயிர் கழன்று தொங்குகிறது. எட்டுக் கார் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நான் நிறுத்தவில்லை.

மே 2
போயிட்டுது. முந்தநாள் இரவுக் காற்று முழுதையும் உடைத்துவிட்டது. உடனே லூன் என்கிற நீர்ப்பறவையும் வந்துவிட்டது, ஒரு சோடி. எங்கே காத்திருந்ததோ.

அவனே எடுத்தான். இருபது நிமிடம் லூனைப் பற்றித்தான் கதை. அந்த நீண்ட ஏற்ற இறக்கக் குரல் ஆணுக்கு மட்டும்தான், எலும்பு மற்றப் பறவைகளைப் போல உள்ளீடற்றது இல்லை, அதனால்தான் முங்க வசதி, ஆனால் பறக்க வேண்டுமென்றால் தண்ணிமேல் கனதூரம் ஓடவேணும், அதுதான் ஐஸ் விலகித் தண்ணி விரியும்வரை இறங்காது. குரல் இடையிடையே அடைத்தது. தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது.
டாக்டர் என்ன சொன்னவர்?
"ஸ்கான் வெள்ளிக்கிழமை. கொப்பியில் எழுது, மே 2, லூன் 2."

மே 3
எழுதினேன்.

மே 6
சனிக்கிழமை வரப்போறானாம். விடுவார்களா என்று மச்சாளைக் கேட்டேன், "அவரிட்டையே கேளுங்கோ மச்சாள்" என்றா. வாறதென்றால் கறுப்பு ஈ தொடங்க முதல் வரவேணும், மே நடுப்பகுதிக்குப் பிறகு ஆளைத் தின்றுவிடும். மிஸ்ஸி லேக் கனவிலும் இல்லை. ஸ்ப்ரூஸ் பொக்கே அவனுக்குக் கூடிப்போகும். ஒபியோங்கோ வீதிதான் சரி: கொஸ்ரெல்லோ ஓடை ரோட்டோடேயே போகிறது, ஜன்னலை இறக்கிவிட்டு இருந்தால் காருக்குள் இருந்தே பார்க்கலாம். தலையணை இரண்டு. கம்பளி. கஞ்சிக்குப் பிளாஸ்க் பெரியது வேண்டும், இவரிடம் சொல்ல