‘கிருமி எதிர்ப்பு’ கட்டில் வாங்கப் போகிறீர்களா? முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

வார்டுக்குக் கிருமி எதிர்ப்புப் பூச்சுள்ள கட்டில்களும் டிரிப் ஸ்டாண்டுகளும் ஒருவழியாக வந்து இறங்கிவிட்டன. கொட்டேஷன், விலை ஒப்பீடு, கமிட்டி கையெழுத்து எல்லாம் வழக்கம்போல நகர்ந்தன. இழுத்தடித்தது ஒரே ஒரு காகிதம்: ‘99.9% கிருமிகளைக் கொல்லும்’ என்பதற்கான ஆய்வக அறிக்கை.

முதலில் கேட்டபோது பளபளப்பான விளம்பரத் தாள் வந்தது. மறுபடி கேட்டதும் அறிக்கையின் முதல் பக்கம் மட்டும். முழுசாகத் தந்தால்தான் கோப்பு நகரும் என்று பிடிவாதமாக நின்ற பிறகே மீதிப் பக்கங்கள் வந்தன. ஏன் ஒளித்தார்கள் என்பது அதில் தெரிந்தது.

சோதனை ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேசத் தர முறைப்படி நடந்திருக்கிறது. 50 மி.மீ. சதுரத் துண்டின்மேல் 0.4 மி.லி. கிருமிக் கரைசலை விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 35 டிகிரி செல்சியஸில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைப்பது அந்த முறை. கட்டில் கம்பி அப்படியா இருக்கிறது? ஏசி காற்றில் காய்ந்து கிடக்கும். ஓயாமல் கை படும். பூச்சில் கிருமியைக் கொல்வது வெள்ளி. அதன் அயனி வெளியேறி வேலை செய்ய ஈரம் வேண்டும். காய்ந்த பரப்பில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

‘கிருமிகள்’ என்று பன்மையில் போட்டிருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை என்ற இரண்டைத்தான். மருத்துவமனைகளில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளைப் பற்றி மூச்சே இல்லை. ‘மாதிரி விவரம்’ என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். அங்கே இருந்தது கட்டில் கம்பி அல்ல, மூலப்பொருளில் வார்த்த தட்டையான வில்லை. கடைசியில் கம்பியிலிருந்தே வெட்டிய துண்டை, கிருமிநாசினியால் பலமுறை துடைத்தபின், காய்ந்த நிலையில் சோதித்துத் தர வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையில் சேர்க்க முடிந்தது. இந்தக் கொள்முதலில் உருப்படியாக நடந்தது அதுதான்.

செம்புக் கலவைக் கைப்பிடிகள் வேறு ரகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் பதிவு தந்தபோது, 2 மணி நேரத்தில் 99.9% குறைய வேண்டும் என்பது அளவுகோல். ஆனால் அதன்மேல் வார்னிஷ், மெழுகு எதுவும் பூசக்கூடாது. வழக்கமான துப்புரவுக்குக் கூடுதல் பாதுகாப்பே தவிர, மாற்று அல்ல என்பதும் அதே பதிவின் நிபந்தனை. “இனி அடிக்கடி துடைக்க வேண்டியதில்லை” என்று விற்பனையாளர் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். 5% ஹைப்போகுளோரைட்டை (பிளீச் திரவம்) 20 மி.லி. எடுத்து 980 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, வரும். இது உலோகத்தை அரிக்கும் என்பதால், குறிப்பிட்ட நேரம் ஈரமாக வைத்தபின் வெறும் தண்ணீரால் துடைத்தெடுங்கள். சோப்புக் கரைசல் காய்ந்து படலமாகப் படிந்தால் அடியிலிருக்கும் பூச்சு கிருமியைத் தொடவே முடியாது. கொடுத்த காசு வீண்.

துப்புரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, புறஊதா ஒளியில் மட்டும் மின்னும் ஜெல்லைச் சொல்லாமல் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பொட்டு இன்னும் மின்னினால் அங்கே துடைக்கவில்லை என்று அர்த்தம். கம்பியின் மேற்புறம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பொட்டு வைக்க வேண்டிய இடம் கம்பியின் அடிப்பக்கமும் ஸ்டாண்டின் உயரம் மாற்றும் திருகும்.