கண்ணாடி வீட்டுக் குறிப்புகள்

3 ஜூன், செவ்வாய்

அண்ணன் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா விசா வந்துவிட்டது. அண்ணன் போனில் சொன்னார். சந்தோஷம் என்றேன்.

5 ஜூன், வியாழன்

சிங்கப்பூர் பிளவர் டோம் கண்ணாடித் தோட்டத்தில், ஆலிவ் மரங்களுக்குப் பக்கத்தில் அண்ணன் மகள் குட்டியை நிற்கவைத்து பென்சிலில் வரைந்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே 23 டிகிரி. போலந்து ஓவியர் ஓல்கா போஸ்னான்ஸ்கா 1890இல் வரைந்த கண்ணாடி வீடு செடிகளைக் குளிரிலிருந்து காப்பாற்றியது. நம் ஊரில் வெக்கையிலிருந்து காப்பாற்றுகிறோம்.

குட்டி ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "பெர்த்ல இதைவிடக் குளிருமாமே அத்தை?" என்றாள். காலரை வரைந்துகொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

6 ஜூன்

படத்தில் குட்டியின் இடது கை சரியாக வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

சமைக்கக்கூட எழுந்திருக்காமல் ஓல்காவின் அந்தக் கண்ணாடி வீட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருக்கும் அச்சு உள்ளங்கை அகலம்தான். வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அசலோ 235 செ.மீ உயரம், 180 அகலம். அப்போது அவருக்கு 25 வயது. மியூனிக் கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காத காலம். தனியார் வகுப்புகளில்தான் படித்தார். ராஜா ராணிக்கு ஒதுக்குகிற அளவுத் துணியை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்! எனக்கு அதுதான் பெரிது. பெண்ணைப் பூவாக்கிப் பார்க்கிற வழக்கமே அங்கே இல்லை. செடி செடியாக இருக்கிறது, அவள் அவளாக நிற்கிறாள்.

1894இல் வரைந்த செவ்வந்திப் பூச் சிறுமி இன்னும் கஷ்டம். சாம்பல் பின்னணி, கையில் வெள்ளைப் பூக்கள், அந்தக் கறுத்த கண்கள். அதைப் பார்த்துவிட்டு குட்டியின் கண்ணைத் தொட எனக்குத் தெம்பில்லை.

10 ஜூன்

அண்ணி வந்து பார்த்தார். "முகத்துல கொஞ்சம் சிரிப்பு வை, அங்க ஹால்ல மாட்டணும்." அவள் சிரிக்காமல்தானே நின்றாள் என்றேன். அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காலி அட்டைப்பெட்டிகள் இருக்கிறதா என்று கேட்டார்.

அங்கே மாட்டப் போகிறார்களா?

14 ஜூன், சனி

பச்சை கத்துகிறது. விரிடியன் பச்சையை அப்படியே வைத்தால் குட்டி பின்னால் போய்விடுகிறாள். துளி சிவப்பும் சாம்பலும் கலந்ததும் அடங்கியது. இலைகளை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இன்று நல்ல நாள். தேக்கா சந்தையில் மீன் வாங்கி அம்மாவுக்குக் குழம்பு வைத்தேன்.

17 ஜூன்

மழை. சாயம் காயவே மாட்டேன் என்கிறது. ஈரத்தோடு சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். "படத்தை அவ எடுத்துக்கிட்டுப் போறாளா, இங்கேயே இருக்கட்டுமா?" என்று அம்மா கேட்டார். காயவில்லை என்று மட்டும் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும். இருக்கட்டும்.

19 ஜூன், வியாழன்

குட்டி தனியாகப் பேருந்தில் வந்தாள். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "என் கை எங்கே அத்தை?" என்றாள். ஸ்வெட்டருக்குள் என்றேன். தானே நாற்காலியை இழுத்துப்போட்டு, கையை மேசைமேல் நீட்டினாள். நீல நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது, நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்த மேடு. அந்த மேட்டுக்கு மட்டும் மூன்று நிறம் தேவைப்பட்டது. இருட்டும்வரை வரைந்தேன். அவள் பெர்த் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் பேசினாள்.

20 ஜூன்

சாமான் லாரி திங்கட்கிழமை வருகிறதாம். கட்டைவிரல் பாக்கி. காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.