அமுக்குவான் வந்த இரவும் அம்மா கேட்ட செருமலும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தையைத் தவிர உறவினர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டனர். கூடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்த நான், விடியற்காலை மூன்று மணி அளவில் விழித்தேன். கண் திறந்திருந்தது, இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் தெரிந்தது, மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. ஆனால் கையையோ காலையோ அசைக்க முடியவில்லை. நிலைப்படி ஓரம் யாரோ நின்றார்கள். அடுத்த கணம் நெஞ்சின் மேல் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. "அம்மா" என்று கத்த முயன்றும் குரல் எழவில்லை. அப்போதுதான் அப்பாவின் செருமல் கேட்டது. இரண்டு முறை அடுத்தடுத்து, இரண்டாவது சற்று உரக்க, வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருமும் அதே செருமல்.

காலையில் இதைச் சொன்னதும் அத்தை பதறிவிட்டார். "அமுக்குவான்டா அது. ஆசை தீராமப் போன உசுரு. மந்திரிச்சுக் கயிறு கட்டணும்" என்றார். அம்மா பதறவில்லை. "அவர் யாரை அமுக்கப் போறார் அண்ணி? புள்ளையப் பாக்க வந்திருப்பார். எனக்கும்தான் விடியக்காலையில அந்தச் செருமல் கேட்டுச்சு" என்றார். அன்று முதல் என் தலையணைக்கு அடியில் ஓர் இரும்புச் சாவி இருந்தது. வேப்பிலைக் கொத்து ஒன்றும் தலைமாட்டில் தொங்கியது.

நான் கடவுள் மறுப்பாளனும் அல்லன், பேயை நம்பியவனும் அல்லன். ஆனால் அந்த இரவுக்குப் பின் எதை நம்புவது என்று எனக்கே தெரியாமல் சில மாதங்கள் கழிந்தன. அதே முடக்கம் மேலும் மூன்று முறை வந்தபோது ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டு, "ஸ்லீப் பராலிசிஸ்" என்றார். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குவதற்குள் விழிப்பு வந்துவிட்டால், விழித்த கண்ணின் முன்னால் கனவு தொடர்கிறது. நாமாக மூச்சை ஆழமாக இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம் தெரிகிறது. அச்சத்தை எழுப்பும் மூளைப்பகுதி முழு வேகத்தில் இயங்குவதால் அறையில் யாரோ இருப்பதாகத் தோன்றுகிறது. நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது நேர்கிறது என்பது ஆய்வுகளின் கணக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவ ஊர்களில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருகிறாள். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர். நம் ஊரில் அமுக்குவான்.

மருத்துவர் இரண்டு அறிவுரைகள் சொன்னார். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் "மல்லாக்கப் படுத்தா அமுக்குவான் வரும்" என்று சிறுவயதில் பாட்டி சொல்லிச் சொல்லி என்னைப் புரட்டிவிட்டிருக்கிறார். பாட்டியின் தலைமுறை கண்ட விளக்கம் தவறாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கவனித்தது சரிதான். நம்பிக்கைகளை மொத்தமாகத் தூக்கி எறிபவர்கள் அவற்றுக்குள் கிடக்கும் இந்தக் கவனிப்பையும் சேர்த்தே எறிந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரவில் புளிய மரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு, "மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் மூச்சுத் திணறுகிறது" என்று அறிவியல் விளக்கம் சொல்லப்படுவதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். மரம் இரவில் அந்த வாயுவை வெளியிடுவது உண்மைதான். ஆனால் திறந்த வெளியில் அது உடனுக்குடன் காற்றில் கலந்துவிடும். படுத்திருப்பவரைத் திணறடிக்கும் அளவுக்குத் தேங்காது. பேயை மறுப்பதற்காகச் சொல்லப்படுகிறது என்பதற்காகவே ஒரு விளக்கத்தைச் சோதிக்காமல் ஏற்பதும் ஒரு வகை நம்பிக்கையே. ஐயப்படுகிறவர் தமக்குப் பிடித்த விளக்கத்தின் மீதும் ஐயப்பட்டாக வேண்டும்.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராகப் பணியாற்றிய டாக்டர் ஆபிரகாம் கோவூரை நான் மதிப்பது இதனால்தான். அற்புத ஆற்றலை மோசடிக்கு இடமில்லாத சோதனையில் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை யாரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. பந்தயத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீடுகளுக்கு அவர் நேரில் போய், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களின் மனத்துயரைக் கேட்டறிந்தது.

அப்படிக் கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நோயைப் பேய் என்று எண்ணி மருத்துவமனைக்குப் போகாமல் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். இதை நினைக்கும்போது, "அவரவர் நம்பிக்கை, விட்டுவிடுவோம்" என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

ஆனால் அம்மா கேட்ட செருமலை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, அவரைக் கண்டோ, குரலைக் கேட்டோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே செருமலுக்குக் கதவு திறந்த காது, அது நின்றுவிட்டது என்று சில வாரங்களில் கற்றுக்கொள்ளுமா?

இருந்தாலும் ஒன்று நெடுநாள் உறுத்தியது. நான் சொல்வதற்கு முன்பே அம்மாவும் அதே நேரத்தில் அதைக் கேட்டிருக்கிறாரே, அது எப்படி? சென்ற ஆண்டு திதியன்று தங்கையிடம் இதைப் பேசினேன். அவள் நினைவில் அந்தக் காலை வேறு வரிசையில் நடந்திருக்கிறது: நான் அடுக்களைக்கு வந்து செருமலைச் சொன்னேன், அதற்குப் பிறகே அம்மா தமக்கும் கேட்டதாகச் சொன்னார், அது எந்த நாள் என்று சொல்லவே இல்லை. நாங்கள் இருவரும் அம்மாவைப் பார்த்தோம். "தெனமும்தான் கேட்டுச்சு, எந்த நாளைன்னு சொல்ல?" என்று சொல்லிவிட்டு, படையலுக்கு இலை நறுக்கப் போய்விட்டார்.

சென்ற மாதம், சரியாகத் தூங்காத நான்கு நாட்களுக்குப் பிறகு, அமுக்குவான் மீண்டும் வந்தது. இப்போது எனக்கு வழி தெரியும்: மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, வலது காலின் சுண்டுவிரலை மட்டும் அசைக்க முயன்றேன். சில நொடிகளில் கட்டு விட்டது. எழுந்து உட்கார்ந்து நிலைப்படியைப் பார்த்தேன். யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்றும் தெரியும். ஆனாலும் உடனே படுக்க மனம் வரவில்லை; விளக்கைப் போடாமல், இன்னொரு முறை அந்தச் செருமல் கேட்குமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.