கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி

காலாப்பட்டில் ஏறிய ஆராய்ச்சி மாணவி பக்கத்து இருக்கையில் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் ராமச்சந்திரன் வரைபடம்: புரதச் சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலமும் எந்தக் கோணங்களில் திரும்பியிருக்கிறது என்று ஒரு புள்ளியாகக் காட்டும் படம். புள்ளிகள் எல்லாம் கூட்டமாக இயல்பான எல்லைக்கு உள்ளே இருக்க, ஒன்று மட்டும் வெளியே.

"கிளைசினா இருந்தா விட்டுடலாம் சார். இது லூசின். இந்த வாரம் முழுக்க இதோடதான்."

கிளைசின் மிகச் சிறிய அமினோ அமிலம், கூடுதலாக வளையும். லூசினுக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்புறம் அவளே சொன்னாள். நேர்காணலுக்குப் போன இடத்தில் முதல் கேள்வியே "எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?"

ஆராய்ச்சியாளரை மேற்கோள்களால் அளக்க 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் எச் 10. அதில் ஒன்றை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அதே 10தான்.

எக்ஸ்-கதிரால் அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் புரதம் படிகமாக வேண்டும்; அது வளரவே மாதக்கணக்கில் ஆகலாம். வளராமலும் போகும். அந்த உழைப்பு எச் எண்ணில் எங்கே ஏறும்?

அந்த வரைபடமே சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்டார்கள். இன்றும் புதுப் புரத அமைப்புகளை அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஆனால் அதை அச்சிடும் பல கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் மூலக் கட்டுரை இருக்காது. அவ்வளவு பழகிவிட்டது.

நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஐம்பது பல்கலைக்கழகங்கள் அளவுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்காமல் இருந்தவர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்புக்காக 2009ல் நோபல் வாங்கினார்.

தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்களே, எண்ணைக் கேளுங்கள், சரி. அந்தப் பெண்ணின் ஒரு கட்டுரையையாவது முழுசாகப் படித்துவிட்டு உள்ளே கூப்பிடுங்கள். அந்த லூசினைப் பற்றிக் கேளுங்கள்.