தரங்கம்பாடியில் மீட்டர் கணக்கெடுத்த வருஷங்கள்

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்த காலத்தில் பாதிக்கு மேல் எனக்குத் தரங்கம்பாடியில்தான் கழிந்தது. 1999-ல் மாற்றல் வந்தபோது அங்கே ஒருவரையும் தெரியாது. வீடு மாயவரத்தில். காலையில் பஸ் ஏறிப் பொறையாறு வழியாகப் போய் இறங்குவேன். முன்பு மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே ஓடியது, 1926-ல் போட்ட பாதை, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெரியவர்கள் அந்த ரயிலைப் பற்றிப் பேசாமல் இறங்கியதில்லை.

வேலை இதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டு வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். வருஷத்துக்கு ஆறு தடவை ஊரின் எல்லா வாசலிலும் நிற்கிற வேலை வேறு யாருக்கும் கிடையாது என்று நினைக்கிறேன். தபால்காரர்கூட கடிதம் வந்த வீட்டுக்குத்தான் போவார்.

நான் மேற்கிலிருந்து கிழக்காக நடப்பேன். பெரிய சாலையை ஒட்டி நகர வாயில், 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜா தெரு நேராகக் கடலுக்குப் போகும். இரண்டு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், கனமான சுவர், சுண்ணாம்புக் காரை. இந்தத் தெருவில் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வாயில் பக்கம் கண்ணாடி தெளிவாக இருக்கும். நடு தெருவுக்கு வந்தால் லேசாக வெள்ளை படிந்திருக்கும், எண்ணைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் வீடுகளில் சட்டை நுனியால் துடைத்தால் போகாது, கொஞ்சம் தண்ணீர் வாங்கித் தொட்டுத் துடைக்கணும். மீட்டர் பெட்டியின் திருகாணிகள் பச்சை பூத்து, பெட்டிக் கதவு கையோடு கழன்று வரும். உப்பு, வேறொன்றுமில்லை. காற்றில் வருகிற உப்பு சுவருக்குள்ளும் போய்க் காரையைப் பொரிப் பொரியாகத் தள்ளும். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த வீடுகள் நிற்கும்.

தெரு முடிகிற இடத்தில் திடல், தெற்கே கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இடம் வாங்கிய பிறகு எழுப்பியது. அதே தெருவில்தான் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம், அதைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அடுத்த வருஷமே இறந்து அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலையில் கரை இறங்கியவர், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் இந்த ஊரிலேயே அச்சடித்துவிட்டார். அதற்குக் காகிதம் வேண்டுமே என்று பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்னும் பேர் இருக்கிறது. கோட்டையைவிட எனக்கு அந்தப் பேர்தான் பெரிசாகத் தெரிகிறது. பட்டறை போய் இத்தனை காலமாகியும், பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஜனங்கள் அதை வாயில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் டேனிஷ்காரர்கள் வந்துதான் ஊர் உண்டானது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திடலிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1300-களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எடுத்தது. கல்வெட்டில் ஊர்ப் பேர் சடங்கன்பாடி. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இது கடைத்தெருவும் கோயிலும் உள்ள பட்டினம்தான். அந்தக் கோயிலின் முன்பாகத்தைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டது. எனக்குப் பழக்கமான தெருக்களுக்கும் அது நடக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது, இங்கே கப்பல் நிற்பது குறைந்தது. ராஜா தெரு அப்படியே பழசாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பணம் புரண்டிருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

சரி, மீனவர் தெருக்களுக்கு வருகிறேன். கணக்கெடுப்பில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதுதான். ஆண்கள் விடியும் முன்னே கடலுக்குப் போய்விடுவார்கள், ஏலம் முடிந்து வீடு திரும்பித் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டக்கூடாது, பெண்கள் மீன் கூடையோடு பொறையாறு பக்கம் போயிருப்பார்கள். ஆளிருக்கிற நேரம் பார்த்து அந்தத் தெருவுக்கு மட்டும் சாயங்காலம் போவேன். “கரண்டு சார் வந்துட்டாரு” என்று பையன்கள் எனக்கு முன்னால் ஓடி அட்டையைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்கள். வலையில் சிடுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் தலை நிமிராமலே அன்றைக்கு அடிக்கிற காற்றின் பேரைச் சொல்வார்கள். வாடை, கொண்டல், கச்சான் எல்லாம் எனக்கு அங்கே கேட்டுப் பழகியதுதான். எங்கள் ஊரில் அடிப்பது வெறும் காற்று.

யூனிட்டை மட்டும் பார்த்தே வீட்டு நிலைமை தெரியும். 2001-லிருந்து ஏப்ரல் 15-க்கு மேல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாள், பிறகு 2017-ல் 61 நாளாக்கினார்கள். அந்த மாதங்களில் படகு வேலைக்குப் போகிறவர்கள் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள், அக்னி நட்சத்திர வெயில், ஃபேன் நிற்காமல் ஓடும். வரவு நின்ற நேரத்தில்தான் யூனிட் கூடும். 2016-ல் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தபோது அந்தத் தெருவில் எத்தனை வீடு நிம்மதியானது என்பதை அட்டை அட்டையாக நான் எழுதியிருக்கிறேன்.

முஸ்லிம் தெருவில் நோன்பு மாதத்தில் ராத்திரி விளக்குகள் கூடுதலாக எரிந்திருக்கும். ஒரு பாய் வீட்டில் அட்டையோடு நோன்புக் கஞ்சியும் வந்துவிடும், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். டிசம்பரில் ராஜா தெருவில் நட்சத்திர விளக்கு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெரிய வீடுகளில் ஏசி மாட்டியிருக்கும், ஆனால் மீட்டர் அசைந்திருக்காது. அம்மா ஒருவர் மட்டும் ஒரு அறையில், ஒரு பல்பில். அந்த மாதிரி அம்மாக்கள் என்னை உட்காரச் சொல்லி, பிள்ளை போன் பண்ணினதைச் சொல்லி முடிக்காமல் அட்டையைத் தரமாட்டார்கள். நேரமாகும்தான். உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நான் மாயவரத்தில் வீட்டில் இருந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மூன்றாம் நாள் போனபோது கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, எங்கள் ஆட்கள் ராத்திரி பகலாக லைன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு லெட்ஜரை எடுத்துக்கொண்டு கடலோரத் தெருவுக்குப் போனேன். இணைப்பு எண்கள் வரிசையாக இருக்கின்றன, வீடு இல்லை. பத்து எண்ணுக்கு நடந்தால் ஒரு சுவர். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக ‘வீடு இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனேன். ஐந்தாறு எழுதியதும் கை ஓடவில்லை. அந்த எண்ணுக்குரியவர்களின் முகம் எல்லாம் எனக்குத் தெரியும். அப்போது ஒரு அம்மா வந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெள்ளை அட்டையை எடுத்தார். ஊறி, காய்ந்து, பப்படம் மாதிரி விறைத்திருந்தது. மை கலைந்திருந்தாலும் என் கையெழுத்து தெரிந்தது. “பாக்கி இருக்கா சார், பாரு” என்றார். வீடு போய்விட்டது, அவர் மாமியாரும் போய்விட்டார், பாக்கி வைக்கக்கூடாது என்று வந்து நிற்கிறார். பாக்கி இல்லை என்று சொன்னேன். அட்டையைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டார்.

அப்புறம் கடலைவிட்டுத் தள்ளிப் புதுக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல கான்கிரீட் வீடுகள், எல்லாவற்றுக்கும் புதுசாக எண், புது அட்டை. அடுத்தடுத்து இருந்தவர்கள் பிரிந்து வேறு வேறு வரிசைக்குப் போனார்கள். எனக்கே ஒரு வருஷம் குழப்பமாக இருந்தது. பெண்கள் புது வாசலில் உட்கார்ந்து, பழைய தெருவில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். ஆண்கள் விடிந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். படகும் வலையும் அங்கேதானே. இன்னொன்று, புது வீட்டிலிருந்து கடல் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, காற்று மாறினால் தூக்கத்திலேயே தெரியும், இங்கே தெரியமாட்டேன் என்கிறது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கடலுக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

பாக்கி கேட்ட அந்த அம்மாவுக்கும் புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. முதல் தடவை கணக்கெடுக்கப் போனபோது, பழைய நம்பரையே போட்டுக் கொடுக்க முடியாதா என்று கேட்டார். அது முடியாது, அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை நீட்டினார். நான் யூனிட்டை எழுதிவிட்டு, அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பழைய எண்ணைப் பென்சிலால் சின்னதாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்தப் பென்சில் எழுத்தின் மேல் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து. பக்கத்தில், சுனாமியில் போன அந்த மாமியாரின் பேர்.