நின்டெண்டோ ஸ்விட்ச் ஃபேன் கிர்ர்ர் சத்தம்: கடைசியில தையல் மிஷின் ஆயில்தான் கை கொடுத்துச்சு

அப்பாடா, கேம் மிஷினுக்குள்ள இருக்கிற ஃபேனோட சத்தம் நின்னுடுச்சு. மூணு வாரமா சத்தம் இல்ல, அதான் இப்ப தைரியமா எழுதுறேன். போன தடவை அவசரப்பட்டு "ஃபேன் சரி பண்ணியாச்சு"ன்னு நண்பர்கள் குரூப்ல போட்டோ போட்டுட்டு பத்தாவது நாளே மானம் போச்சு.

நம்மகிட்ட இருக்கிறது பழைய நின்டெண்டோ ஸ்விட்ச், கையிலயும் டிவியிலயும் ஆடுற கேம் மிஷின், 2018ல மச்சான் சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது. உள்ள இருக்கிறது 20 நானோமீட்டர் டெக்ரா எக்ஸ்1 சிப்பு, இந்த நானோமீட்டர் கணக்கு குறைஞ்சா பொதுவா சூடும் குறையும். 2019ல வந்த 16 நானோமீட்டர் மாடல் வச்சிருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க, அவங்களுக்கு இவ்வளவு சூடு இருக்காது. கையில வச்சு ஆடும்போது சத்தம் பெருசா தெரியல, டிவியோட இணைக்கிற ஸ்டாண்டான டாக்ல சொருகினா, படம் வரையுற ஜிபியுவோட வேகம் 768 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறுதா, உடனே ஃபேனும் வேகம் எடுத்து மாவு மிஷின் மாதிரி கிர்ர்ர். தப்பு என்மேலதான். டிவி ஸ்டாண்டு ஜன்னல் பக்கம், எதிர்ல ஆறு மாசமா ரோடு தோண்டிட்டு இருக்கான், வாங்கின நாள்ல இருந்து நான் ஒரு தடவை கூட திறந்து பார்த்ததில்ல.

முதல் தடவை தூசி மட்டும் எடுத்தேன். சூட்டை வெளிய கடத்துற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சிருந்துச்சு, ட்வீசர்ல இழுத்தா ஒரே துண்டா வந்துச்சு, பார்க்கவே திருப்தியா இருந்துச்சு. ஆனா பத்தே நாள்ல பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம்தான் கவனிச்சேன், படுக்க வச்சா சத்தம் குறையுது, டாக்ல நிமிர்த்தி வச்சா கூடுது. தூசின்னா எப்படி வச்சாலும் ஒரே மாதிரி கத்தணும்ல? நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை காத்து வெளிய வர்ற இடத்துக்குப் பக்கத்துல வச்சு கைப்பிடியை காதுல அழுத்திக் கேட்டேன், பைக் மெக்கானிக் பண்ணுவாரே அதே வித்தை. காத்து சத்தம் இல்ல, சுத்தமா கர கர கர. ஃபேன் தண்டு உட்கார்ந்து சுத்துற பேரிங்தான் பிரச்சனை.

புது ஃபேன் ஆர்டர் போட்டேன். வந்தது ஸ்விட்ச் லைட்டோட ஃபேன், அது கையில மட்டும் வச்சு ஆடுற சின்ன மாடல். வடிவமே வேற, பொருந்தவே பொருந்தாது. திருப்பி அனுப்புற தேதியும் முடிஞ்சிருச்சு, யாராவது லைட் வச்சிருந்தா சொல்லுங்க, பாதி விலைக்குத் தர்றேன். சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு கடையில கேட்டேன், ஒருத்தர் லேப்டாப் ஃபேனை நீட்டி "இதை வெட்டி வச்சுக்கலாம் சார்"னார். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். ஆனா அங்க வாங்கின ஸ்க்ரூடிரைவர் முனைங்க, மூணு கால் ஒய் பிட்டும் ஜப்பான் அளவு ஜேஐஎஸ் 000 பிட்டும், நிஜமா நல்லா இருக்கு. உள்ள இருக்கிற குட்டி ஸ்க்ரூவுக்கெல்லாம் சாதா ஸ்டார் பிட் போட்டா தலை மழுங்கிடும், அனுபவம் பேசுது.

சரி, கையில இருக்கிற ஃபேனுக்கே வைத்தியம் பார்ப்போம்னு இறங்கினேன். பிரிக்கிறது உங்களுக்குத் தெரியும், பேட்டரி கனெக்டரை முதல்ல கழட்டிடுங்க, அவ்வளவுதான் சொல்வேன். ஃபேனை எடுத்தப்புறம் இறக்கையோட சுத்துற ரோட்டரை மேல இழுக்கணும், காந்தம்தான் பிடிச்சு வச்சிருக்கு. இறக்கையைப் பிடிச்சு இழுத்தா உடைஞ்சிடும், நடுக் குமிழை ரெண்டு விரல் நகத்தால பிடிச்சு நேரா. கால் மணி நேரம் ஆச்சு. வராது வராதுன்னு இருந்துட்டு டக்குனு கழண்டு வந்துச்சு, ஒரு நிமிஷம் உடைச்சிட்டேனோன்னு உயிரே போச்சு. தண்டு ஊசி மாதிரி மெல்லிசு, அதுல கறுப்பா பிசின் மாதிரி காஞ்ச எண்ணெய். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சேன். காது பட்ஸ் வேணாம், நூல் பிரிஞ்சு குழிக்குள்ள போயிடும், மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியோட ஓரத்தை முறுக்கி விட்டா போதும்.

இப்ப எண்ணெய். அம்மா "தேங்காய் எண்ணெய் விடுடா, உங்க தாத்தா டேபிள் ஃபேனுக்கு அதான் விடுவாரு"ன்னாங்க. தாத்தா ஃபேன் வேற, மார்கழியில உறையுற எண்ணெயை இதுல விட முடியாது. துரு எடுக்குற ஸ்ப்ரேயும் வேணாம், அது இருக்கிற பிசுக்கையும் கழுவிட்டு ஆவியாப் போயிடும். தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட தையல் மிஷின் ஆயில் ஒரு மூடி கேட்டேன், எதுக்குன்னு கேட்டாரு, கேம் மிஷினுக்குன்னேன், ஒரு மாதிரி பார்த்துட்டு ஊத்திக் கொடுத்தாரு. இன்சுலின் ஊசியில எடுத்து குழிக்குள்ள ரெண்டு சொட்டு விட்டேன். அங்கதான் சொதப்பல். ஒரு சொட்டே அதிகம்! ரோட்டரை அழுத்தினா உள்ள காத்து அடைச்சுக்கிட்டு மெல்ல மேல எழும்புது, ஓட்டிப் பார்த்தா எண்ணெய் சிதறி இறக்கை பூரா. திரும்ப கழட்டி, திரும்ப துடைச்சு, இந்த தடவை ஊசி நுனியில தொங்குற சொட்டுல பாதியை மட்டும் தண்டுல தொட்டு வச்சேன். ரோட்டரை மெதுவா சுத்திக்கிட்டே இறக்கினா அதுவா உள்ள போய் உட்கார்ந்துடுச்சு. விரலால ஒரு சுண்டு சுண்டினேன், முன்னாடி ரெண்டு சுத்துல நின்னது இப்ப பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு.

மாட்டி டாக்ல போட்டா, சீலிங் ஃபேன் 1ல ஓடுற சத்தத்துக்குள்ளயே மறைஞ்சிடுது. பையன் "அப்பா ஆன் ஆகலையா"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்காகவே எத்தனை தடவை வேணா பிரிக்கலாம்.

இன்னும் முடியல. சிப்போட சூட்டைக் கடத்துற ஹீட் பைப்புக்கும் மேல மூடுற தகட்டுக்கும் நடுவுல ரோஸ் கலர்ல கெட்டியா ஒரு பேஸ்ட் இருக்குமே, ரெண்டு தடவை பிரிச்சதுல அது பிஞ்சு போச்சு. சூட்டைக் கடத்தத் தடவுற சாதா தெர்மல் பேஸ்ட் அங்க ஆகாது, இடைவெளி பெருசு, தண்ணியா வழிஞ்சிடும். களிமண் மாதிரி கெட்டியான தெர்மல் புட்டிதான் வேணும், ஆர்டர் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வருதாம். அதுவரைக்கும் பழசையே கரண்டியால வழிச்சு ஒட்டி வச்சிருக்கேன். டாக்ல அரை மணி நேரத்துக்கு மேல கிடையாதுன்னு பையன்கிட்ட கறாரா சொல்லியாச்சு, அவன் நாலு நாளா என்கூட பேசல.